மணிகளின் எண்களை விடுங்கள், இடத்தை எண்ணுங்கள்

உங்கள் இங்கிலாந்துக் கிராமத் தேவாலயத்தில் ஆறு மணிகளை வரிசையாக அடிக்க வருகிறது, பிளெயின் ஹன்ட், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் மணிகள் அடிக்கும் வரிசை மாறும் முறை, தொடங்கியதும் யாருக்குப் பின் அடிப்பது என்று குழம்புகிறது என்கிறீர்கள். எண்களை மனப்பாடம் செய்வதால் வரும் சிக்கல் அது. உங்கள் இடத்தை, அதாவது வரிசையில் எத்தனையாவதாக அடிக்கிறீர்கள் என்பதை மட்டும் எண்ணுங்கள்.

உங்களுடையது முதல் மணி, அதாவது டிரெபிள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இலக்கமும் ஒரு மணி, அவை அடிக்கும் வரிசையில்: 123456, அடுத்து 214365, அப்புறம் 241635, 426153. ஒவ்வொரு வரிசையிலும் 1 ஓர் இடம் பின்னால் போகிறது, பாருங்கள். ஆறாம் இடத்தில் இரண்டு முறை அடிக்கிறது, பிறகு அதே வழியில் திரும்பி முதலிடத்தில் இரண்டு முறை. 12 மாற்றங்களில் மறுபடி 123456. மற்ற மணிகளுக்கும் இதே பாதைதான், தொடங்கும் இடம்தான் வேறு.

சரி, கை. பின்னால் போகும்போது கயிற்றை நன்றாக மேலே போகவிட்டு, மணி தலைகீழாக நிற்கும் நிலையை நெருங்கும்வரை காத்திருங்கள். முன்னால் வரும்போது கயிற்றின் வாலைக் கொஞ்சம் குட்டையாகப் பிடித்து, மணி முழுதும் ஏறுமுன் இழுத்துவிடுங்கள். ஆறிலிருந்து திரும்பும் அடியில்தான் நான் வெகுநாள் தாமதித்தேன்; அங்கே கூடுதல் கவனம் வையுங்கள்.

கம்பளி சுற்றிய பிடியையே பார்க்காதீர்கள். மற்றவர்களின் கைகளைப் பாருங்கள். உங்களுக்கு முன் எந்தக் கயிறு இறங்குகிறது என்பது மெல்லக் கண்ணுக்குப் பழகிவிடும்.