மகன் இரண்டு வருடம் பிலிப்பைன்ஸில் மிஷனரி: அனுப்பும் முன் என்ன சொல்லிக்கொடுப்பது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "எங்கள் மகனுக்கு 19 வயது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை மிஷனரியாக பிலிப்பைன்ஸ் போகிறான், இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. அங்கே அவனுடைய அன்றாடம் எப்படி இருக்கும்? மாதம் எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும்? பெட்டியில் என்ன வைக்கட்டும்? அவன் அங்கே இருக்கும்போது அக்கா கல்யாணம் வரும் போலிருக்கிறது, வர விடுவார்களா?"

அம்மா, நான் 2014-ல் அதே நாட்டுக்குத்தான் மிஷனரியாகப் போனேன், செபு தீவுப் பக்கம். நான் கிளம்பும்போது எங்கள் வீட்டிலும் பெட்டியைப் பற்றித்தான் பெரிய விவாதம். அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறேன். ஊறுகாய், கருவேப்பிலைப் பொடி, சாம்பார் பொடி கொஞ்சம் போதும். மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர் அது, கருவாடு உண்டு, முருங்கைக்கீரை போட்ட கோழிச்சாறு உண்டு, புளி போட்ட சினிகாங் சூப் முதல் வாயிலேயே ரசத்தை ஞாபகப்படுத்தும். வாளியும் குவளையும் வைத்துக் குளிப்பதுகூட நம் ஊர் மாதிரியேதான். அமெரிக்கப் பையன்கள் முழிக்கிற இடத்தில் உங்கள் மகன் சாதாரணமாக இருப்பான். நல்ல ஷூ இரண்டு ஜோடி மட்டும் காசு பார்க்காமல் வாங்குங்கள், நடை அப்படி. அப்புறம் மழைக்காலத்தில் வெள்ளத் தண்ணீரில் இறங்கி நடக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்றும். கொசுவால் டெங்குவும் அங்கே உண்டு.

நாள் எப்படிப் போகும் என்றால், காலை 6:30-க்கு எழுந்திருக்க வேண்டும், ராத்திரி 10:30-க்குள் விளக்கணைக்க வேண்டும். காலையில் கொஞ்சம் உடற்பயிற்சி, பிறகு வேத வாசிப்பு, மொழிப் படிப்பு, அதற்கப்புறம் வெள்ளைச் சட்டை, டை, பெயர் அட்டையோடு வெயிலில் வீடு வீடாக. பாதி வீடுகளில் ஆள் இருக்க மாட்டார்கள், வரச் சொன்னவர்களே மறந்திருப்பார்கள். ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்கள் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவது அபூர்வம், உட்கார வைத்து ஏதாவது தின்னக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். டிவி, காதல், நீச்சல் எதுவும் கிடையாது. சுற்றிலும் கடல் இருக்கிற தீவில் இரண்டு வருடம் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவன் நான்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது, நீங்கள் கேட்காத ஒன்று: கம்பானியன். மிஷனரிகள் தனியாக இருப்பதே இல்லை. எப்போதும் இன்னொரு மிஷனரி கூடவே, பார்வைக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில். அவன் யார் என்று அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பாளரான மிஷன் தலைவர்தான் முடிவு செய்வார், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தில் அவன் மாறலாம், மாறாமலும் போகலாம். எனக்கு இரண்டாவதாக வந்தவன் சாப்பிட்ட தட்டைக் கழுவவே மாட்டான். நானும் வாய் திறந்து சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்து, பத்தொன்பதாம் நாள் ஒரு ஜீப்னியில் (அந்த ஊர் ஷேர் வண்டி) எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன். வாராவாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் குறை நிறை சொல்லிக்கொள்ள நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நான் "எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லியே ஓட்டியிருந்தேன். வீட்டில் அம்மா முகம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவதால், எனக்கு எது பிடிக்கவில்லை என்று சொல்லவே வந்ததில்லை. உங்கள் மகனும் அப்படித்தான் என்றால், இந்த ஆறு வாரத்தில் அவன் வாய்விட்டுக் கேட்காத எதையும் செய்து கொடுக்காதீர்கள். காபி, டீ நம் சபையில் கூடாது, அதனால் எப்படியும் உங்கள் வீட்டில் இருக்காது, தண்ணீர்ச் சொம்பில் ஆரம்பியுங்கள்.

கூடவே துணி துவைக்கக் கற்றுக்கொடுங்கள், கையால். சட்டைக் காலர் அழுக்குப் போக வேண்டும். குழம்பு ஒன்று, பொரியல் ஒன்று, முட்டை எப்படியாவது. சமைக்கத் தெரிந்தவனோடு கம்பானியனாக இருக்க எல்லோருக்கும் ஆசை, பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

பணம்: குடும்பம் தன் வசதிக்கேற்ப மாதாமாதம் சபையிடம் கட்டுவதுதான் முறை, உங்கள் ஊர்ச் சபையை நடத்தும் கிளைத் தலைவரோ பிஷப்போ உட்கார்ந்து பேசித் தொகையை முடிவு செய்வார். முடியாத மீதிக்கு மிஷனரி நிதி இருக்கிறது, கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீட்டு வாடகையை மிஷன் பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அவன் கையில் பணம் போட்ட ஒரு அட்டை இருக்கும். மாதக் கடைசியில் அது காலியாகி நூடுல்ஸில் ஓட்டுவான், ஓட்டட்டும். பாவம் என்று தனியாகப் பணம் போட்டுப் பழக்கினால் பக்கத்தில் இருக்கும் ஏழைக் கம்பானியனுக்குத்தான் சங்கடம்.

பேசுவது இப்போது எவ்வளவோ பரவாயில்லை. எங்கள் காலத்தில் வாரம் ஒரு மின்னஞ்சல், வருடத்துக்கு இரண்டே இரண்டு போன்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம், வீடியோவிலும். துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டுவது எல்லாம் நடக்கும் ஆயத்த நாளில் கூப்பிடுவான், பெரும்பாலும் திங்கட்கிழமை. முதல் இரண்டு மாதம் அழுதால் பயப்படாதீர்கள், "வந்துடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேச்சே குறைந்துவிட்டது என்றால் அது ஏக்கம் இல்லை. உடனே மிஷன் தலைவரிடம் பேசச் சொல்லுங்கள், அந்த உதவிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

கல்யாணம். பொதுவாக வர மாட்டார்கள், துக்கத்துக்கே பெரும்பாலும் வருவதில்லை. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை ஏழு மணிக்கு இங்கே கல்யாணம் என்றால் அங்கே ஒன்பதரை. திங்கட்கிழமையாகத் தேதி அமைந்தால் வீடியோவில் நின்றுவிடலாம், வேறு கிழமை என்றால் அந்த வாரம் மட்டும் ஆயத்த நாளை மாற்றித்தர முடியுமா என்று மிஷன் தலைவரிடம் ஒரு மாதம் முன்பே மகனை விட்டுக் கேளுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அவனே கேட்கட்டும்.