பாம்புக்கடி ஆன்லைன் கோர்ஸ்: பணம் கட்டும் முன்

சிஸ்டர், பென்னாகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை, பாம்புக்கடி அதிகம் வருகிறது, 40 மணி நேர வீடியோ கோர்ஸில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மணிக்கணக்கை விடுங்கள். படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். 'அறிந்துகொள்வர்' என்று மட்டும் இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, அப்புறம்தான் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புப் போட்டுக் கழுவியதோ என்றால் முடிவு தப்பாகிவிடும். இதை "எத்தனை நிமிடம்?" என்று டிக் அடிக்கவைத்துச் சோதிப்பது சுத்த வேஸ்ட். (நான் முடித்த ஒரு கோர்ஸ் அப்படித்தான். வீடியோவை ஓடவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன், 90 மார்க்!)

கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காக உறையும், ஆனால் விஷம் நரம்பைத் தாக்குவதால் இமை தொங்கும், மூச்சும் நின்றுபோகலாம். அப்படி ஒரு கேஸைக் கொடுத்து "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார்களா? மூச்சு நின்றவருக்குக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் அம்பு பேக்கைக் கையில் பிடித்துப் பழக நேரில் ஒரு நாளாவது உண்டா? மாதிரிப் பாடம் ஒன்று கேளுங்கள். தர மறுத்தால் சேர வேண்டாம்.