பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கினால் குப்பை எப்படிக் குறையும்?

கடையில் பில் போடும்போது பிளாஸ்டிக் பைக்குத் தனியாகக் காசு வாங்குவதுதான் 'பை கட்டணம்'. அயர்லாந்தில் 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் வாங்க ஆரம்பித்தார்கள், ஒரு வருஷத்துக்குள் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டது. 15 சென்ட் யாருக்கும் பெரிய செலவில்லை, ஆனால் காசு கேட்கும்போதுதான் 'இது வேண்டுமா?' என்றே யோசிக்கிறோம். ஓட்டல் மேசையில் டிஷ்யூ பேப்பர் சும்மா கிடந்தால் நாலைந்து உருவுவோம், ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஒன்றோடு நிறுத்திவிடுவோம், அதே கணக்குதான். மக்களுக்குப் பழகிப்போய் மறுபடி பயன்பாடு கூடியதும் 2007-ல் 22 சென்ட் ஆக்கினார்கள், ரொம்பச் சரியான முடிவு.

அப்புறம், இது கடைக்காரருக்கு லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அயர்லாந்தில் அந்தப் பணம் சுற்றுச்சூழல் பணிகளுக்கான அரசு நிதிக்குத்தான் போகிறது.