சிக்னல் வராத எண்ணுக்கு ஒரு வருஷம் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: திருச்சி வயலூர் சாலைப் பக்கம் புது அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்குக் குடிவந்திருக்கிறோம். எனக்கு, மனைவிக்கு, அம்மாவுக்கு என மூன்று எண்களும் ஒரே குடும்ப போஸ்ட்பெய்ட் திட்டத்தில் இருக்கின்றன. ஹாலில் ஒரு கோடு சிக்னல் வருகிறது, படுக்கையறையில் அதுவும் இல்லை. ஷோரூமில் கேட்டால், ‘திட்டம் மாறி அஞ்சு மாசம்தான் ஆகுது, ஒரு வருஷத்துக்குள்ள போனா 3,000 ரூபாய் கட்டணும்’ என்கிறார்கள். கடைவீதியில் குடை போட்டு சிம் விற்பவர், ‘500 ரூபாய் கொடுங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்கிறார். இணையத்தில் 4,000 ரூபாய்க்கு சிக்னல் பூஸ்டர் விற்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: 3,000, 500, 4,000 என்று மூன்று தொகை சொல்லியிருக்கிறீர்கள். 500-ம் 4,000-மும் வேண்டவே வேண்டாம். நீங்கள் ஒப்புக்கொண்டதை ஷோரூம்காரர் எழுத்தில் காட்டும்வரை 3,000-மும் கொடுக்காதீர்கள். அநேகமாகக் காட்ட மாட்டார்.

வெளிநாட்டில் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு, போனையும் சேர்த்துக் கொடுத்து, நடுவில் விட்டால் மீதி மாதங்களுக்குப் பணம் வாங்குவார்கள். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஷோரூமில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்த நினைப்பு வசதியாக இருக்கிறது. இங்கே சாதாரண போஸ்ட்பெய்ட் திட்டம் என்பது மாத வாடகைதான். இந்த மாதம் வேண்டாம் என்றால் இந்த மாதத்துக் கணக்கை முடித்துவிட்டுப் போகலாம். ‘ஒரு வருஷம்’ என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அது எங்க எழுதியிருக்கு? நகல் கொடுங்க, இல்லைன்னா மின்னஞ்சல்ல அனுப்புங்க.’ வாயால் சொல்கிறவர்கள் எழுத்தில் தர மாட்டார்கள். வாடிக்கையாளர் போய்விட்டால் அந்தப் பையனுக்கு மேலிடத்தில் திட்டு விழும். அதற்காக அவன் ஒரு தொகையைச் சொல்லி வைக்கிறான், அவ்வளவுதான்.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை நாடு முழுக்க 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. இதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம், ஏன் போகிறீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டாம். போனில் ஆங்கில எழுத்தில் போர்ட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். யூபிசி என்பது அதுதான். 4 நாள் வரை அது செல்லுபடியாகும். அதற்குள் புதிய கம்பெனியின் கடைக்குப் போய் அந்தக் குறியீட்டையும் ஆதாரையும் கொடுத்தால், தமிழ்நாட்டுக்குள் 3 வேலை நாளில் அதே எண் புதிய கம்பெனிக்குப் போய்விடும். மனம் மாறினால், கடையில் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு ரத்து எஸ்எம்எஸ் அனுப்பலாம்.

2019 டிசம்பர் 16-க்குப் பிறகு வந்த முறையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. குறியீடு தருவதற்கு முன்பே சோதனைகள் நடந்துவிடுகின்றன. வெளிவந்த பில்லில் பாக்கி உண்டா, இந்தக் கம்பெனியில் 90 நாள் முடிந்ததா, ஒப்பந்தக் கட்டுப்பாடு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பழைய கம்பெனியிடம் அப்போதே கேட்டுவிடுவார்கள். எல்லாம் சரியென்றால் குறியீடு வரும். இல்லையென்றால் ஏன் தரவில்லை என்று காரணத்தோடு எஸ்எம்எஸ் வரும். ஆகவே ஷோரூம்காரர் சொன்னது உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு எஸ்எம்எஸ் போதும். குறியீடு வந்துவிட்டால் அந்த 3,000 நீங்கள் மாறுவதைத் தடுக்காது.

பில் விஷயத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பில் தேதி 10 என்று வையுங்கள். 10-ம் தேதி பில்லைக் கட்டிவிட்டு 20-ம் தேதி மாறுகிறீர்கள். நடுவில் பத்து நாள் வாடகை இருக்கிறதே, அதற்குப் பழைய கம்பெனி கடைசியாக ஒரு பில் அனுப்பும். ‘நான்தான் போயாச்சே’ என்று அதைத் தூக்கிப் போட்டால், பழைய கம்பெனி புதிய கம்பெனியிடம் முறையிடும். புதிய கம்பெனி உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும். அப்போதும் கட்டாவிட்டால் இணைப்பை நிறுத்துவார்கள். கடைசியில் இத்தனை வருஷம் வைத்திருந்த எண்ணே கையை விட்டுப் போகும். இருநூறு, முந்நூறு ரூபாய் பாக்கிக்காக வங்கி, ஆதார், கேஸ் என எல்லாவற்றிலும் கொடுத்திருக்கும் எண்ணைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசி பில்லைக் கட்டி ரசீதைப் படமெடுத்து வையுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அவர்களாக ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

சரி, குறியீடு வராமல் ‘ஒப்பந்தக் கட்டுப்பாடு’ என்று பதில் வந்தால்? அபூர்வம்தான், ஆனால் உண்டு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்கள் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் வெளியேறும் விதி ஒன்று இருந்து, அதை நீங்கள் நிறைவேற்றாமல் இருந்தால், எண்ணோடு வேறு கம்பெனிக்குப் போவதை மறுக்க விதிமுறையே இடம் கொடுக்கிறது. தள்ளுபடியில் போன் கொடுத்தது, குறிப்பிட்ட காலம் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டு சலுகை வாங்கியது போன்றவை இதில் வரும். கையெழுத்துதான் என்றில்லை. ‘ஓடிபி சொல்லுங்க சார்’ என்று கேட்டு வாங்கினார்களே, அதுவும் சம்மதம் என்றுதான் கணக்கில் ஏறும். திட்டம் மாற்றிய அன்று வந்த எஸ்எம்எஸ், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாதத் தவணையில் போன் வாங்கியிருந்தால் அந்தக் கடன் நிதி நிறுவனத்தோடு. எண் எங்கே போனாலும் தவணை பாட்டுக்கு ஓடும்.

விதி உண்மையிலேயே இருந்தால், ‘சிக்னலே கொடுக்காத உங்களுக்கு எதற்கு வெளியேறும் கட்டணம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கையில் தடயம் இல்லாமல் கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். கம்பெனியின் புகார் மையமான 198-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். புகார் எண் கொடுத்தாக வேண்டும், எஸ்எம்எஸ்ஸில் வரும். தகவல் சொல்லும் 121-க்குப் பேசிப் புலம்பினால் அது விசாரிப்பு என்று போய்விடும், புகாராக நிற்காது. ‘நெட்வொர்க் டீம் பார்த்துட்டாங்க, சரியா இருக்கு’ என்று அவர்களே புகாரை மூடுவார்கள். மூடட்டும். அடுத்து, 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்கு 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கிடையில் வீட்டுக்குள் எந்த அறையில் எவ்வளவு சிக்னல் என்று ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், சிம் நிலை என்ற இடத்தில் பார்த்து, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் காட்டும். மைனஸ் 110, அதற்கும் கீழே என்று இருந்தால் சிக்னல் ரொம்பப் பலவீனம் என்று அர்த்தம்.

மேல்முறையீட்டு அதிகாரி யார் தெரியுமா? அதே கம்பெனி நியமித்தவர். அவர் உங்களுக்குச் சாதகமாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் படியை ஏறினோம் என்று காட்ட மட்டும்தான் அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. உங்கள் கடிதம் சுற்றிக்கொண்டு அதே கம்பெனியின் மேசைக்குத்தான் வரும். 2024-ல் சேவைத் தர விதிகளைப் புதிதாக எழுதினார்கள். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் படுத்துவிட்டால் போஸ்ட்பெய்ட்காரர்களுக்கு வாடகைக் கழிவு உண்டு என்று அதில் இருக்கிறது. புயலடித்து ஊரே இருட்டானால் அது சரி. வயலூர் சாலையில் ஒரு படுக்கையறை வருஷம் முழுக்க இருட்டாக இருந்தால் அந்த விதியில் உங்களுக்கு ஒரு காசும் கிடையாது. அழைப்பு அறுபடும் சதவீதம் 2-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அது டவர் கணக்கு. உங்கள் வீட்டில் அழைப்பே சேராதபோது அறுபட என்ன இருக்கிறது?

கடைசிக் கதவு நுகர்வோர் ஆணையம். தொலைபேசித் தகராறு இங்கே வராது என்று 2009-ல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி வெகுகாலம் ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தீர்த்துவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துபாருங்கள், பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். ஆனால் 3,000 ரூபாய்க்காக வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

இனி அந்தக் குடைக்காரர். இவரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. போர்ட்டிங்குக்கான கட்டணம் பத்து ரூபாய்கூட ஆகாது, அதையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அப்படியென்றால் 500 எதற்கு? உங்கள் போனை வாங்கி நீங்களே அனுப்பக்கூடிய எஸ்எம்எஸ்ஸை அவர் அனுப்புவார், அதற்குத்தான். போகட்டும், 500 போனால் தொலையட்டும். கைரேகைதான் ஆபத்து. கருவியில் விரலை வைக்கச் சொல்வார். வைப்பீர்கள். ‘பதியலை சார், வேர்வையா இருக்கு, தொடைச்சுட்டு இன்னொரு வாட்டி’ என்பார். முதல் தடவையே பதிந்திருக்கும். இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் உயிர்பெற்று, முன்பின் தெரியாத ஒருவன் பைக்குப் போகும். அவன் அதை வைத்து யாரையாவது ஏமாற்றினால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். இரண்டாவது முறை விரல் கேட்டால், முதல் முறை பதியவில்லை என்று திரையில் வந்ததா எனப் பார்த்துவிட்டு வையுங்கள். போர்ட் முடிந்ததும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்த்து, தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யுங்கள். குடை நிழலை விட்டுவிட்டு கம்பெனியின் சொந்தக் கடைக்கே போனால் இந்தக் கவலையில் பாதி இருக்காது.

ஷோரூமிலும் ஒரு தந்திரம் உண்டு. ‘சிம் பழசாயிடுச்சு, புது சிம் போட்டா சிக்னல் பிச்சுக்கும்’ என்பார்கள். சிம் மாற்றினால் 7 நாளுக்கு யூபிசி கிடைக்காது. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி இருக்கிறது. எண் திருட்டைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் போகிற வாடிக்கையாளரை ஒரு வாரம் நிறுத்திவைக்கவும் உதவுகிறது.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். சேவை நிறுவனங்கள் தவிர வேறு யாரும் அதை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. விற்பதும் குற்றம்தான், ஆனாலும் இணையத்தில் பகிரங்கமாக விற்கிறார்கள். உங்கள் வீட்டில் நாலு கோடு வரும், அடுத்த வீதிக்காரர்களின் அழைப்பு கெடும். புகார் போனால் ஆள் வந்து கழற்றுவார்கள்.

வீட்டில் வைஃபை இருக்குமே? போனில் வைஃபை காலிங் என்பதை இன்று இரவே ஆன் செய்து பாருங்கள். படுக்கையறையிலிருந்து அழைப்பு சேர்ந்துவிட்டால் மாறவே தேவையில்லை. மின்சாரம் போனால் இதுவும் போகும், அம்மா தனியாக இருக்கும் வீட்டில் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மாறுவதென்று முடிவெடுத்தால் அவசரப்பட வேண்டாம். மாறிய பிறகு 90 நாள் வேறெங்கும் போக முடியாது. உங்களை உண்மையில் கட்டிப்போடுவது இந்த 90 நாள்தான். கம்பெனிகள் தங்கள் தளத்தில் வரைபடம் போட்டிருக்கின்றன, திருச்சி முழுக்க வண்ணம் பூசியிருக்கும். உங்கள் கட்டடத்தின் கான்கிரீட் சுவருக்குள் என்ன வருகிறது என்று அதில் தெரியாது. எதிர்வீட்டுக்காரர், பால்காரர், வாட்ச்மேன் என்று வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு உங்கள் படுக்கையறையில் நின்று பேசிப்பார்க்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் மலிவான பிரீபெய்ட் சிம் ஒன்றை வாங்கி இரண்டாவது சிம்மாகப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். மாலை ஏழிலிருந்து பத்துக்குள் பார்ப்பது முக்கியம். டவரில் கூட்டம் சேருகிற நேரம் அது.

மூன்று எண்ணுக்கும் தனித்தனியாக 1900-க்கு அனுப்ப வேண்டும். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஆதாரோடு நேரில் போக வேண்டும். குடும்பத் திட்டத்தில் எல்லா எண்ணும் உங்கள் பெயரிலேயே இருக்க வாய்ப்புண்டு, முதலில் அதைச் சரிபாருங்கள். அம்மாவின் எண்ணை முதலில் மாற்றிப் பார்த்துவிட்டு, அடுத்து மனைவியுடையதை மாற்றுங்கள். பில் வருகிற உங்கள் முதன்மை எண்ணைக் கடைசியாகக் கொண்டுபோங்கள். அதை முதலில் எடுத்தால் மற்ற இரண்டும் தனித் திட்டங்களாகி, ஆளுக்கொரு வாடகை விழ ஆரம்பிக்கும்.