ரேங்க் லிஸ்ட்ட பாத்து வீடு வாங்கலாமா? கடலூரா, பாண்டியா?

ஓசூர்ல வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அப்பா அம்மாவோட கடலூர்லயோ பாண்டியிலயோ செட்டில் ஆகப் போறேன், ரெண்டு ஊர்லயும் ஒவ்வொரு வீடு பாத்து வச்சிருக்கேன். வாழ நல்ல ஊருன்னு லிஸ்ட் போடுறாங்களே, அதுல தண்ணி, க்ளைமேட்டுக்குலாம் மார்க் குடுக்குறாங்களாம், அத வச்சு முடிவு பண்ணலாமா?"

வேணாம் தம்பி. அந்த லிஸ்ட் பொய்யில்ல, ஆனா உங்க கேள்விக்கு அது பதில் சொல்லாது. உலக நகரங்களுக்கு ரேங்க் போடுற எக்கனாமிஸ்ட் இன்டலிஜன்ஸ் யூனிட்ங்கிற ஆய்வு நிறுவனத்தோட லிஸ்ட்ல கட்டமைப்புக்கு 100க்கு 20 மார்க், ரோடு, பஸ், கரண்ட், வீடு, போனோட சேர்ந்து அதுக்குள்ளதான் தண்ணியும் வருது. வெக்கை, புழுக்கத்த கலாச்சாரம் சுற்றுச்சூழல்ங்கிற தலைப்புல சேத்துடுறாங்க. நம்ம மத்திய அரசு 2020க்கு போட்ட லிஸ்ட்ல மக்கள்கிட்டயே கேட்டு அதுக்கு 30 சதவீதம் குடுத்தாங்க, அது உருப்படியான விஷயம். ஆனா எல்லாமே ஊர் முழுக்க சேத்து எடுக்குற சராசரி. லாஸ்பேட்டை மேடு, ரெயின்போ நகர் பள்ளம், லிஸ்ட்ல ரெண்டும் ஒரே பாண்டிதான். நீங்க தெருவ அளங்க.

மொதல்ல தண்ணி. தண்ணியில கரைஞ்சிருக்க உப்ப அளக்குற டீடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்கு கெடைக்கும், வாங்கிக்கோங்க. குடிக்கிற தண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் விடுது. போர் தண்ணி, குழாய் தண்ணி ரெண்டையும் தனித்தனியா பாருங்க, அதுவும் மே மாசம் பாருங்க, ஏன்னா கடலோரத்துல உப்புத்தண்ணி மேல நல்ல தண்ணி மெதந்துட்டு நிக்கும், தெருவே மோட்டார் போட்டு உறிஞ்சுனா கீழ இருக்க உப்பு மேல ஏறி வந்துடும், டிசம்பர் மழைக்கப்புறம் நல்லா இருந்த அதே போர் கோடையில வாயில வைக்க முடியாம போயிரும். மீட்டர் உப்பத்தான் காட்டும், கிருமியவோ ரசாயனத்தையோ காட்டாது. அதனால கடலூர்ல ரசாயன ஆலைங்க இருக்க சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் வீடுன்னா குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஆர்ஓ மாட்டிக்கலாம்னு புரோக்கர் சொல்லுவார், உப்பு ஜாஸ்தியா இருந்தா அது வடிகட்டுறதவிட வெளிய கொட்டுறதுதான் ஜாஸ்தி.

அடுத்து வெள்ளம், எனக்கு ரொம்ப கவலை இதுலதான். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரைய கடந்தப்ப அங்க 24 மணி நேரத்துல 45 செ.மீ.க்கு மேல மழை. கடலூர் கதை வேற. மழை நின்னப்புறம்தான் சாத்தனூர் டேம்லேருந்து தொறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து ஊருக்குள்ள பூந்துச்சு. உங்க ஓசூர் கெலவரப்பள்ளி டேம் வழியா வர்ற அதே ஆறுதான் தம்பி இது, ஆத்தோட மேல்பக்கம் ரொம்ப பேஞ்சா இங்க வானம் வெளுத்துருந்தாலும் ஊர் மூழ்கலாம். கெடிலமும் கடலூருக்குள்ளயே ஓடுது. அதனால "இங்க மழை எவ்வளவு"ன்னு மட்டும் கேக்காதீங்க, ஆத்துலேருந்து எவ்வளவு தூரம், தெருத்தண்ணி எங்க போய் வடியுதுன்னு கேளுங்க.

வீட்டுக்காரர் "தண்ணியே நிக்காது சார்"னுதான் சொல்லுவார். நீங்க பக்கத்து வீடுகள பாருங்க: கரண்ட் மீட்டர் பொட்டிய பழைய எடத்துலேருந்து கழட்டி மேல ஏத்தியிருக்காங்களா, கேட் வாசல்ல புதுசா ஒரு படி கட்டியிருக்காங்களா, இரும்புக் கதவு ஒரே மட்டம் வரைக்கும் துரு புடிச்சிருக்கா. இது மூணும் இருந்தா அந்தத் தெருவுல தண்ணி நின்னுருக்கு, யார் என்ன சொன்னாலும். சம்ப் மூடி தரையோட தரையா இருந்தா அன்னிக்கு சாக்கடையும் உள்ள எறங்கியிருக்கும்.

வெக்கைக்கு ரொம்ப சொல்லல. கடலோரத்துல 37 டிகிரியத் தொட்டாத்தான் வெப்ப அலைன்னு சொல்றதப் பத்தியே வானிலைத்துறை யோசிக்கும், ஆனா 35லயே இங்க வேர்வை காயாது, வயசானவங்களுக்கு அதுதான் ஆபத்து. மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு அந்த ரூம்ல ஏசி இல்லாம அரை மணி நேரம் உக்காருங்க. கெழக்கு பக்கம் ஜன்னல் இருந்து கடக்காத்து வந்தா அதுக்கு தனி மார்க்.

தண்ணி உப்பா இருந்தா லாரி, கேன்னு நல்ல தண்ணி வாங்கியாச்சும் சமாளிக்கலாம், வெக்கைய ஏசி போட்டு சமாளிக்கலாம். பள்ளத்துல இருக்க வீட்ட மேட்டுக்கு தூக்க முடியாது. ரெண்டு வீட்ல எதோட தெருவுல கரண்ட் மீட்டர் பொட்டி மேல ஏறியிருக்கோ, வெல எவ்வளவு கொறச்சாலும் அத விட்ருங்க.