நான் ஒழுங்கா ஹோம்வொர்க் பண்ணா அப்பா வந்துடுவாரா?

கேள்வி: நானும் கணவரும் பிரிஞ்சு 5 மாசம் ஆகுது டாக்டர், டைவர்ஸ் கேஸ் போயிட்டிருக்கு. 7 வயசு பையன், எப்பவோ நின்னு போன பழக்கம், இப்போ திரும்ப படுக்கையை நனைக்கிறான். அப்பாவைப் பார்த்துட்டு வந்தா ரெண்டு நாள் எரிஞ்சு விழறான். நேத்து ராத்திரி "நான் ஒழுங்கா ஹோம்வொர்க் பண்ணா அப்பா வந்துடுவாரா"ன்னு கேட்டான். அவனுக்காகவாவது சேர்ந்து இருந்திருக்கணுமோ? அங்க அனுப்பறதை நிறுத்திடலாமா?

பதில்: அந்த ஹோம்வொர்க் கேள்வியிலதான் எல்லாம் இருக்கு. இந்த வயசுல வீட்ல எது நடந்தாலும் அதுக்குத் தான்தான் காரணம்னு பிள்ளைங்க நினைச்சுக்கும், அதுல ஒரு ஆறுதலும் இருக்கு பாருங்க, தான் கெடுத்ததுன்னா தானே சரிபண்ணிடலாமே. அதனால "நீ எதுவும் பண்ணல, நீ என்ன பண்ணாலும் இது மாறாது, ஆனா நாங்க ரெண்டு பேரும் எப்பவும் உன் அப்பா அம்மாதான்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. ஒரு தடவை சொன்னா பத்தாது, அவன் திரும்பத் திரும்ப கேப்பான், நீங்களும் அலுக்காம சொல்லணும்.

படுக்கை நனைக்கிறதுக்குத் திட்டாதீங்க, மனசுல பாரம் ஏறினா பிள்ளைங்க சின்ன வயசு பழக்கத்துக்குத் திரும்பறது சகஜம். யூரின் இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு மட்டும் டெஸ்ட் பண்ணிடுங்க.

அந்த ரெண்டு நாள் கோபத்தைப் பார்த்து அங்க ஏதோ ஓதி அனுப்பறாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவனுக்கு அது இன்னொரு பிரிவு. அங்க அடி, மிரட்டல்னு இருந்தா விஷயமே வேற, வக்கீல்கிட்ட பேசுங்க. இல்லன்னா நிறுத்தாதீங்க.

சேர்ந்து இருந்திருக்கணுமான்னா, அமெரிக்காவுல ஹெதரிங்டன்னு ஒரு மனநல ஆய்வாளர் கிட்டத்தட்ட 1,400 குடும்பங்களைப் பார்த்திருக்காங்க. பிரிஞ்ச வீட்டுப் பிள்ளைங்கள்ல 20-25 சதவீதத்துக்கு பெரிய பிரச்சனைகள் இருந்துச்சு, பிரியாத வீடுகள்ல 10 சதவீதம். ரிஸ்க் இருக்கு, மறைக்க மாட்டேன், ஆனா முக்கால்வாசிப் பேர் தேறி வந்துட்டாங்க. தினமும் சண்டை நடக்கிற வீட்லயே வளர்ந்திருந்தா மட்டும் பாதிப்பு இருக்காதா என்ன.

நீங்க எழுதாத ஒன்னைக் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. "ஃபீஸ் கட்டச் சொல்லு", "அங்க யார் வந்தாங்க"ன்னு அவன் மூலமா தூது போகுதா? போனா இன்னிக்கே நிறுத்துங்க, பணம் தேதி எல்லாம் நீங்களே அவருக்கு மெசேஜ் பண்ணிக்கோங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட விஷயத்தைச் சொல்லி வைங்க. தூக்கம் சாப்பாடு ரொம்ப கெட்டாலோ, இன்னும் ரெண்டு மாசத்துல எதுவும் குறையலன்னாலோ குழந்தைகள் மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.