வம்சாவளி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எங்கள் வீட்டு இசைகுடிமான ஓலைகள் (கல்யாண ஒப்பந்த ஓலைகள்), தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள், பெரியவர்கள் சொன்னவை எல்லாவற்றையும் சேர்த்து ஏழு தலைமுறை வம்சாவளி தயாரித்தேன். ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி இணையத்தில் போட்டேன். பங்காளி ஒருவர் அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டார். இதற்கிடையே, தன் முதல் கல்யாணம் முறிந்ததை நீக்கச் சொல்லி அத்தை மகள் சண்டைக்கு வருகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: பங்காளி விஷயத்தில் உங்களுக்கு ஓரளவு பலம் உண்டு. அத்தை மகள் விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்.

யார் யாருக்குப் பிறந்தார், எந்த வருஷம் கல்யாணம் என்ற தகவலுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அலைந்து திரிந்து சேர்த்தேன் என்றாலும் எடுபடாது. வெறும் உழைப்பு போதாது, தொகுத்தவரின் திறமையும் தேர்வும் தெரிய வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் சொந்த நடையில் எழுதிய குறிப்புகள், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுடையவை. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

கடிதங்கள் கொஞ்சம் சிக்கல். காகிதம் உங்கள் பீரோவில் இருக்கலாம். வாசகத்தின் உரிமை, தாத்தா உயில் எழுதவில்லை என்றால், அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் போகும். பங்காளியும் அதே தாத்தாவின் வாரிசு என்றால் அவருக்கும் பங்கு உண்டு. அதனால் பங்காளி போட்டிருக்கும் இணையதளத்துக்கு அனுப்பும் புகாரில் உங்கள் குறிப்புகளை மட்டும் காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும், நீங்கள் முதலில் எழுதிய கோப்பும் தேதியோடு இருக்கட்டும். முறையான புகார் வந்து, அது சரியென்று பட்டால், அந்தத் தளத்தை நடத்துபவர் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும் என்கிறது 2013 பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதி. 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கிக் கொடுக்காவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம்.

சரி, அத்தை மகள். ஆட்டோ சங்கர் வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: திருமணம், குடும்பம், பிள்ளைப்பேறு போன்றவற்றை ஒருவரின் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது, பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். விவாகரத்துத் தீர்ப்பு பொது ஆவணம்தானே என்று நீங்கள் வாதாடலாம். வாதாட இடமும் இருக்கிறது. ஆனால் ஒரு வம்சாவளிக்காக அத்தை மகளைக் கோர்ட்டுக்கு இழுப்பீர்களா என்ன? இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

இறந்தவர்களுக்கு அந்தரங்க உரிமை இல்லை. ஜெயலலிதா படம் தொடர்பான வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதற்காக, ரங்கூனில் தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாக யாரோ சொன்னதை எல்லாம் எழுதிவிடாதீர்கள். குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரை இழிவுபடுத்தினாலும் அவதூறுதான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் உயிரோடு இருக்கலாம் என்பது வேறு.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர், குழந்தைகளின் படம் எதுவும் பொதுவில் வேண்டாம். தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; வம்சாவளியில் அது பளிச்சென்று இருக்கும். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு அப்புறம் புகார் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பங்காளி உங்களையே கை காட்டுவார். அத்தை மகளின் செய்தி அவர் பக்கத்திலும் இருக்கிறது அல்லவா? அதற்கான புகார் அத்தை மகள் பெயரில் போவதே நல்லது; நீங்கள் எழுதிக் கொடுத்து உதவுங்கள்.